ஆம்பூரில் பிரியாணி மட்டும் சாப்பிட்டுட்டு ஓடிடாதீங்க பாஸ்! - சென்னை டு பெங்களூரு ரோட்டில் ஒரு தோல் தேசம்

"கார்லயே பெங்களூரு போலாம்டா!" என்று யாராவது ஒருவர் வாட்ஸ்அப் குரூப்பில் பற்றவைப்பார். பதினோரு பேர் தம்ஸ்-அப் போடுவார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி அது ஏழாகும். சனிக்கிழமை காலை வண்டியில் இருப்பது நாலு பேர். அதில் ஒருவர் தூங்குவதற்காகவே வந்தவர். 'ஷார்ப்பா நாலு மணி' என்று முடிவான பயணம், ஏழரைக்குப் பூந்தமல்லி டிராஃபிக்கில் நின்றுகொண்டிருக்கும். இதெல்லாம் நம்ம ஊர் ரோடு ட்ரிப்பின் சாஸ்திரம். யாராலும் மாற்ற முடியாது.

ஆனால், ஒன்றை மாற்றலாம். சுமார் 350 கிலோமீட்டர் நீளும் இந்த ரூட்டில் உங்கள் திட்டத்தில் இருக்கும் ஒரே ஊர் ஆம்பூர். அந்த ஊரில் உங்களுக்குத் தெரிந்த ஒரே சமாசாரம் பிரியாணி. சாப்பிட்டு, ஸ்டேட்டஸ் போட்டு, ஏப்பம் விட்டு சீட்டில் சாய்ந்தால், அடுத்து ஓசூரில்தான் கண் திறப்பீர்கள். நடுவில் வாலாஜாவில் தொடங்கி வாணியம்பாடி வரை கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் கடந்து போயிருக்கும். உங்கள் காலில் இருக்கிற ஷூ, இலையில் இருந்த கறி, கார் கண்ணாடியை ஏற்றவைத்த நாற்றம், பாலத்துக்குக் கீழே காணாமல்போன ஆறு... இந்த நாலும் ஒரே கதையின் நாலு அத்தியாயங்கள். அந்தக் கதை நடக்கும் இடம்தான் இந்த 100 கிலோமீட்டர்.

ஆற்காடு: சோறு உனக்கு, கஞ்சி எனக்கு!

ஸ்ரீபெரும்புதூர் தாண்டும் வரை பேச ஒன்றுமில்லை. 'மாற்றுப்பாதையில் செல்லவும்' போர்டுகளை எண்ணிக்கொண்டு வரலாம். டோல்கேட்டில் ஃபாஸ்டேக்கில் பேலன்ஸ் இல்லாமல் முழிப்பது வண்டி ஓனர்தான் என்பது எழுதப்படாத விதி. காவேரிப்பாக்கத்தில் ரோட்டுக்குப் பக்கத்திலேயே கடல் மாதிரி ஓர் ஏரி வரும். தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. அதற்குத் தண்ணீர் கொடுப்பது பாலாறு. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து வாலாஜா. 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்றது இங்கேதான். அதாவது, 'சென்னையிலிருந்து இந்தப் பக்கமா ஒரு ட்ரிப் போலாம்' என்ற ஐடியாவுக்குச் சுமார் 170 வயது.

அங்கிருந்து பாலாற்றைத் தாண்டினால் ஆற்காடு. ஒரு காலத்தில் நவாப்களின் தலைநகரம். இன்றைக்கு டெல்லி கேட் என்ற வாசல் ஒன்று மிச்சமிருக்கிறது. மக்கன் பேடா என்ற இனிப்பும் மிச்சமிருக்கிறது. குலாப் ஜாமூனின் பணக்காரப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே முந்திரி, பாதாம் எல்லாம் இருக்கும். டெல்லி கேட்டைப் பார்க்கிறீர்களோ இல்லையோ, இதை வாங்காமல் நகராதீர்கள்.

1751-ல் ராபர்ட் கிளைவ் ஆற்காடு கோட்டையைப் பிடித்து உட்கார்ந்துகொள்ள, 50 நாள் முற்றுகை நடந்தது. உள்ளே அரிசி தீர்ந்துகொண்டே வந்ததாம். நம்ம சிப்பாய்கள், "சோறு வெள்ளைக்காரங்க சாப்பிடட்டும், வடிச்ச கஞ்சி எங்களுக்குப் போதும்" என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. மெக்காலே தன் கட்டுரையில் உருகி உருகி எழுதிவைத்த கதை இது. நிஜமா, பில்டப்பா என்பது இருக்கட்டும். இந்த வட்டாரத்தின் பிரியாணிக்கும் அரிசியை வேகவைத்து வடித்துத்தான் போடுவார்கள். யாருக்குச் சோறு, யாருக்குக் கஞ்சி என்ற கேள்வியும் இந்த ரோட்டில் இன்னும் முடியவில்லை.

"கார்ல யாருடா?!"

ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் வரும்போது சில நாள்களில் திடீரென்று வண்டிக்குள் ஒரு வாடை நுழையும். அழுகிய முட்டை, ஈரச் சாக்கு, சுண்ணாம்பு எல்லாம் கலந்த மாதிரி. முதலில் எல்லோரும் பின்சீட்டில் தூங்குகிறவரைத்தான் முறைப்பார்கள். இந்த ரூட்டில் செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்த பின்சீட் நண்பர்கள் எத்தனையோ பேர். அவர்கள் சார்பில் இங்கே ஒரு விளக்கம்.

ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ, உரித்த சில மணி நேரத்தில் அழுக ஆரம்பித்துவிடும். அதனால் கிலோ கணக்கில் உப்பைத் தடவி அடுக்குவார்கள். நம்ம பாட்டி கருவாடு போடுகிற அதே டெக்னிக். டேனரிக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. அடுத்தது சுண்ணாம்பிலும் சோடியம் சல்ஃபைடிலும் ஊறவைத்து முடியை நீக்குவது. இந்த சல்ஃபைடிலிருந்து கிளம்புவதுதான் அழுகிய முட்டை வாடை. பிறகு ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி எடுத்து, பதனிடும் சரக்கில் போடுவார்கள். அது தோலுக்குள் இறங்கிய பிறகு தோல், தோலாக இருப்பதை விட்டுவிட்டு லெதர் ஆகும். இனி அழுகாது.

அந்தக் காலத்தில் அந்தச் சரக்கு நம்ம காட்டிலேயே கிடைத்தது. ஆவாரம்பட்டை, கடுக்காய். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று மருந்தாகக் கொண்டாடுகிறோமே, அதே ஆவாரைதான். அதன் பட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீரில் தோல் வாரக்கணக்கில் கிடக்கும். அப்படிப் பதனிட்ட தோல் மெட்ராஸ் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போனது. 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று அதற்குத் தனி மவுசு. இன்று புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர், மெட்ராஸில் குரோம் பதனிடும் முறையை அறிமுகப்படுத்தினார். வாரக்கணக்கு வேலை ஒரு நாள் கணக்குக்குச் சுருங்கியது. தோல் மெல்லியதாக, சூட்டைத் தாங்குவதாக, எந்தச் சாயத்தையும் ஏற்பதாக வந்தது. குரோமில் ஊறி வெளியே வரும்போது தோல் வெளிர் நீலமாக இருக்கும். தொழிலில் இதன் பெயரே 'வெட் ப்ளூ'. 1970-களில் மத்திய அரசு, "பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அப்படியே ஏற்றுமதி பண்ணாதீங்க, பொருளாக்கி அனுப்புங்க" என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் டேனரி ஊர்களாக இருந்து ஷூ ஊர்களாகவும் மாறிய திருப்பம் இதுதான்.

ஸோ, பின்சீட் நண்பரை மன்னித்துவிடுங்கள்.

வேலூர்: தோல் குஞ்சம் வெடித்த ஊர்

வேலூரைப் பற்றி ஊர்க்காரர்களே சொல்லும் ஒரு நக்கல் உண்டு. தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், அதிகாரம் இல்லாத போலீஸ். கடைசி ஐட்டம், கோட்டைக்குள் இருந்த காவலர் பயிற்சிப் பள்ளி. சாமி விஷயம் மட்டும் இப்போது அப்டேட் ஆகிவிட்டது. பல தலைமுறையாகக் காலியாகக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-ல் லிங்கம் திரும்ப வந்துவிட்டது. தண்ணி இல்லாத ஆறு மட்டும் அப்படியே இருக்கிறது. வருகிறேன், வருகிறேன்.

கோட்டைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அகழியில் தண்ணீரோடு இருக்கும் கோட்டையைப் பார்ப்பதே அபூர்வம். உள்ளே கோயில், மசூதி, சர்ச் மூன்றும் இருக்கின்றன. 1806-ல் இங்கிருந்த சிப்பாய்களுக்குப் புது யூனிஃபார்ம் வந்தது. நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, பழைய தலைப்பாகைக்குப் பதிலாகத் தொப்பி மாதிரி ஒன்று, அதன் மேல் தோலால் செய்த ஒரு குஞ்சம். 'எந்த மிருகத்தின் தோல்?' என்று இந்துவும் கேட்டார், முஸ்லிமும் கேட்டார். ஜூலை 10 அதிகாலையில் கோட்டை வெடித்தது. 1857-க்கு அரை நூற்றாண்டு முன்னால். தோல் வியாபாரத்தில் பின்னாளில் பெயர் வாங்கிய வட்டாரத்தில் தோலுக்காக ஒரு புரட்சி!

இந்த ரோட்டின் மோசமான டிரைவ் நடந்ததும் அன்றைக்குத்தான். சேதி கேட்டு ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லஸ்பி குதிரைப்படையோடு பறந்து வந்தார். சுமார் 25 கிலோமீட்டர். டோல்கேட் இல்லை, டைவர்ஷன் இல்லை. அன்று காலையே கோட்டையை மீட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். இப்போது அந்தப் புல்வெளியில் காலேஜ் ஜோடிகள் சுண்டல் சாப்பிடுகிறார்கள். நல்ல முன்னேற்றம்தான்.

கத்திரிக்காய்க்கு ஒரு நிமிடம் மௌனம்

வேலூரைத் தாண்டினால் பள்ளிகொண்டா. ரங்கநாதர் பள்ளிகொண்ட கோயில் இருப்பதால் இந்தப் பெயர். பெருமாள் படுத்திருக்கலாம், டிரைவர் படுக்கக் கூடாது. ஒரு டீ சொல்லுங்கள்.

இந்தப் பக்கம் அணைக்கட்டு வட்டாரத்தில் இலவம்பாடி என்று ஒரு கிராமம். அங்கே விளையும் முள் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் இலையிலும் முள். காய் உள்ளே வெண்ணெய். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் எண்ணெய்க் கத்திரிக்காயை ஓரமாகத் தள்ளிவைக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், இந்த ஏரியாவில் அதை வெளியே சொல்லாதீர்கள். பிரியாணியின் காரத்தையும் நெய்யையும் சமன் செய்வது அந்தப் புளிப்புதான். என்னைக் கேட்டால், சைடு டிஷ் கத்திரிக்காய் இல்லை, பிரியாணிதான்! சரி, சரி, அடிக்க வராதீங்க.

ஆம்பூர்: அண்டாவுக்குள் என்ன இருக்கிறது?

வந்துவிட்டது. போர்டைத் தேட வேண்டியதில்லை, போர்டுகள் உங்களைத் தேடி வரும். 'ஸ்டார்' என்ற சொல்லை முன்னால், பின்னால், நடுவில் வைத்து இத்தனை பெயர்ப் பலகைகள் எழுத முடியும் என்பதை ஆம்பூர் ரோட்டில்தான் கற்றுக்கொள்ள முடியும். எது ஒரிஜினல் என்று நாலு பேர் வண்டிக்குள் சண்டை போட்டால், ஐந்து பதில் வரும்.

ஆற்காடு நவாப்பின் சமையற்கட்டில் வேலை செய்த ஒரு குடும்பம் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ஆம்பூரில் கடை போட்டது என்பதுதான் ஊரே சொல்லும் வரலாறு. அரண்மனைச் சாப்பாடு ஹைவே சாப்பாடு ஆன கதை. ஆனால், நவாப் வீட்டிலிருந்து வந்தது என்றாலும், ஆம்பூர் பிரியாணி ஆடம்பரமே இல்லாதது. ஹைதராபாத் பிரியாணி மாதிரி குங்குமப்பூ, வறுத்த வெங்காயம், நீள பாஸ்மதி என்று நகை போட்டுக்கொண்டு வராது. குட்டிக் குட்டியாய் சீரக சம்பா அரிசி. பச்சை மிளகாயை நம்பாமல், காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது. தயிர், புதினா, கொத்தமல்லி. மசாலாப் பொருள்கள் அளவோடு. கறியை மசாலாவோடு தனியாக வேகவைத்து, அரிசியை முக்கால் பதம் வேகவைத்து வடித்து, இரண்டையும் அண்டாவில் சேர்த்து, மூடி மேல் தணல் போட்டு தம். அரிசிக்குச் சமமாகக் கறி போடுவதுதான் பழைய கணக்கு. அதனால்தான் இந்தப் பிரியாணியில் கறியைத் தேடி அகழாய்வு நடத்த வேண்டியிருக்காது.

சாப்பிடும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பிரியாணி என்றதும் தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பெயர்கள் வரும்? ஆம்பூர், திண்டுக்கல். தோல் பதனிடுதல் என்றதும்? ஆம்பூர் பக்கம், திண்டுக்கல். பூட்டுக்கும் பிரியாணிக்கும் பெயர்போன திண்டுக்கல், பழைய டேனரி ஊரும்கூட. டி.செல்வராஜ் எழுதி, 2012-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய 'தோல்' நாவல் அந்தத் திண்டுக்கல் தொழிலாளர்களைப் பற்றியதுதான். தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆனால், கறி தின்பவர்கள் இருக்கும் இடத்தில்தான் தோல் மிஞ்சும். தோலையும் கறியையும் தீட்டு பார்க்காமல் தொட்ட சமூகங்களின் கையில்தான் இரண்டு தொழிலும் வளர்ந்தன. ஆம்பூரில் முஸ்லிம் வியாபாரிகளும், தலித் தொழிலாளர்களும்.

இதை ஞாபகப்படுத்திய சம்பவம் ஒன்று 2022-ல் நடந்தது. திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் மே 13 முதல் 15 வரை ஆம்பூரில் 'பிரியாணித் திருவிழா' அறிவித்தது. சிக்கன் உண்டு, மட்டன் உண்டு. பீஃப் கிடையாது. ஆம்பூரில் பீஃப் பிரியாணி இல்லாத பிரியாணித் திருவிழா என்பது, மதுரையில் மல்லிகை இல்லாத பூக்கண்காட்சி மாதிரி. எதிர்ப்புக் கிளம்பியது. 'நாங்க வெளியே இலவசமா பீஃப் பிரியாணி போடறோம்' என்றார்கள் சிலர். மாநில எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் விளக்கம் கேட்டது. கடைசியில், மழை வரும் என்று சொல்லித் திருவிழாவைத் தள்ளிவைத்தார்கள். மாட்டின் தோல் ஷூவாகி விமானம் ஏறி டாலர் கொண்டுவந்தால் ஏற்றுமதிச் சாதனை. அதே மாட்டின் கறி அண்டாவில் ஏறினால் சிக்கல்.

அப்பர் தைக்கும் அக்காக்கள்

சாப்பிட்டாச்சா? இப்போது தூங்காதீர்கள். ஹைவேயை ஒட்டிய ஷூ கடைகளுக்குள் நுழையுங்கள். வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் தைத்ததில் மிச்சம், சின்னக் குறையோடு கழிந்தது எல்லாம் இங்கே விற்பனைக்கு வரும். பேரம் பேசலாம். ஆனால், ஆம்பூரில் வாங்கினால் எல்லாமே ஒரிஜினல் லெதர் என்று நம்பிவிடாதீர்கள்.

எப்படிப் பார்ப்பது? ஷூவின் உள்பக்கம் வெட்டிய விளிம்பு எங்கேயாவது தெரியும். அங்கே நார் நாராக, லேசாகப் பிசிறடித்திருந்தால் தோல். துணி மேல் பிளாஸ்டிக் ஒட்டிய மாதிரி இரண்டு அடுக்கு தெரிந்தால் ரெக்சின். மேற்பரப்பில் ரோமக்கால் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் இருந்தால் நல்லது. அச்சு அடித்த மாதிரி வரிசையாக இருந்தால், அது அச்சு அடித்ததேதான். விரலால் அழுத்தினால் உண்மையான தோல் நம்ம தோல் மாதிரியே சுருங்கும். ஒரு தோலைப் பல அடுக்காகப் பிளப்பார்கள். மேலடுக்குக்கு உறுதி அதிகம். கீழடுக்கின் மேல் பெயின்ட் பூசினாலும் லேபிளில் தோல் என்றுதான் போடுவார்கள், சட்டப்படி அது பொய்யும் இல்லை. யூடியூபில் பார்த்துவிட்டு லைட்டரால் பற்றவைத்து டெஸ்ட் பண்ணலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். கடைக்காரர் உங்களைப் பற்றவைத்துவிடுவார்.

ஷூவின் மேல்பகுதிக்கு இங்கே 'அப்பர்' என்று பெயர். தேவாரம் பாடியவர் இல்லை. இந்த அப்பரை வெட்டுவது, தைப்பது, ஒட்டுவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள். சாயங்காலம் ஷிஃப்ட் விடும் நேரத்தில் ஆம்பூரைக் கடந்தால் பார்க்கலாம். கம்பெனி பஸ்களில் சுற்றுக் கிராமங்களுக்குத் திரும்பும் கூட்டம். உங்கள் வண்டி நகராததற்கு அவர்கள்தான் காரணம் என்று ஹாரன் அடிப்பீர்கள். உங்கள் ஷூவைத் தைத்தவர் அந்த ஜன்னல் சீட்டில் இருக்கலாம்.

ஃபேக்டரிக்குப் போக முடியாதவர்களும் உண்டு. வீட்டில் கைக்குழந்தை, வயதான மாமியார். அவர்களுக்கு இடைத்தரகர் மூலம் அப்பர் வீட்டுக்கே வரும். தடித்த தோலில் ஊசியை இழுத்து இழுத்து, கையாலேயே தைத்துக் கொடுக்க வேண்டும். சம்பளம் ஜோடிக்கு இவ்வளவு என்று கணக்கு. பி.எஃப் கிடையாது, இ.எஸ்.ஐ கிடையாது. விரலில் குத்தினால் விரல் அவர்களுடையது. ஷோரூமில் 'ஹேண்ட் ஸ்டிட்ச்டு' என்று எழுதி, அதற்கென்றே கூடுதலாக ஒரு விலை போடுகிறார்கள் அல்லவா? அந்த 'ஹேண்ட்' இதுதான். கூடுதல் விலையில் அந்தக் கைக்கு வந்து சேர்வது எவ்வளவு என்று கேட்டால் வாயே திறக்க முடியாது.

பாலாறு: கூடவே வந்த ஐந்தாவது ஆள்

வாலாஜாவிலிருந்து உங்களோடு கூடவே வரும் பயணி ஒருவர் இருக்கிறார். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். மணல், முள்செடி, கிரிக்கெட் ஸ்டம்பு, நடுவில் ஒரு கோடு தண்ணீர். அதுதான் பாலாறு. கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திராவில் கொஞ்ச தூரம் ஓடி, 348 கிலோமீட்டர் நீளத்தில் 222 கிலோமீட்டரைத் தமிழ்நாட்டில் கழிக்கிறது. 'ஓடி' என்பது இங்கே ஒரு மரியாதைச் சொல். மேலே ஏரிகளும் தடுப்பணைகளும் தண்ணீரை நிறுத்திக்கொள்ள, கீழே மணலை அள்ள, நடுவில் இருந்த நிலத்தடி நீருக்கு டேனரி வந்தது.

ஒரு கிலோ லெதர் தயாரிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர், குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள். இதைச் சொன்னது ஏதோ ஃபார்வர்டு மெசேஜ் இல்லை, உச்ச நீதிமன்றம். வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. டேனரி வட்டாரத்தில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்ற ஆய்வை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. 'மாசுபடுத்தியவரே காசு கொடுக்கணும்' என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று அழுத்தமாகச் சொன்னதும் இதுவே. இந்தியாவில் எந்த ஊரில் சட்டம் படிப்பவரைக் கேட்டாலும், சுற்றுச்சூழல் பாடத்தில் 'வேலூர் கேஸ்' என்பார். சாப்பாட்டுக்கு ஆம்பூர் மாதிரி, சட்டத்துக்கு வேலூர்.

அதன் பிறகு நடந்ததுதான் நம்ம ஊர் ஸ்பெஷல். பாதிக்கப்பட்டவர்களைக் கணக்கெடுத்த ஆணையம் 2001-ல், 29,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இழப்பீடு என்று அறிவித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, 'ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது' என்ற விதி வந்தது. அந்தச் சுத்திகரிப்பே உயிரைக் குடித்த இரவும் வந்தது. 2015 ஜனவரி கடைசியில், ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள்.

இழப்பீடும் மாசும் முடியாமல் வழக்கு மறுபடி டெல்லிக்குப் போனது. 2025 ஜனவரி 30 அன்று, உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு சொன்னது. பாக்கி இழப்பீட்டை ஆறு வாரத்தில் கொடுங்கள், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போடுங்கள் என்று. 1996-ல் பிறந்த குழந்தை, இந்த 2025 தீர்ப்பைத் தன் சொந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனில் படித்திருக்கும்.

பாலாறு செத்துவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. 1903 நவம்பரில் வாணியம்பாடிக்குள் புகுந்து உயிர்களை அடித்துச் சென்ற ஆறு இது. 2021 நவம்பரில் மறுபடி இரு கரையும் தொட்டு ஓடியது. பாலங்களில் வண்டியை நிறுத்திவிட்டு ஊரே செல்ஃபி எடுத்தது. ஆற்றில் தண்ணீர் வந்தால் அதிசயம் பார்க்கக் கூடும் ஊர்கள் வேறு எத்தனை இருக்கும்?

'ஆம்பூர் பிரியாணி டேஸ்ட்டுக்கு அந்த ஊர்த் தண்ணிதான் காரணம்' என்று வண்டியில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். வேலூர் வட்டாரத்துக்கென்று கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, மேட்டூர் பக்கமிருந்து குழாயில் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பாலாற்றங்கரையில் உட்கார்ந்து காவிரி குடிக்கிறது ஊர்.

ஏலகிரி: வள்ளல்கள் காத்திருக்கிறார்கள்

வாணியம்பாடி தாண்டியதும் 'ஏலகிரி ஏறிட்டுப் போயிடலாமா?' என்று தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து கேட்பார். ஏறலாம். 1,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஓர் அமைதியான மலை. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். நெடுஞ்சாலைத் துறையில் யாரோ ஒரு தமிழ் வாத்தியார் புகுந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். பாவேந்தர், பாரதியார், திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார் என்று ஏழு புலவர்கள். அதற்கு மேல் பாரி, காரி, ஓரி என்று கடையேழு வள்ளல்கள்.

ஆம்பூரில் இரண்டு பிளேட் அடித்துவிட்டு ஏறுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இளங்கோ வரை எல்லோரும் ரீல்ஸ் எடுப்பார்கள். கம்பரில் பேச்சு குறையும். கபிலரில் வயிறு கலங்கும். ஔவையாரில் ஜன்னல் கண்ணாடி இறங்கும். பாரி வருவதற்குள் பின்சீட் ஆள், இருப்பதையெல்லாம் வாரி வழங்கும் வள்ளலாகியிருப்பார். பாலித்தீன் கவர் வைத்திருங்கள். எலுமிச்சம்பழம் ஒன்றை வாணியம்பாடியிலேயே வாங்கி டேஷ்போர்டில் போட்டுவிடுங்கள்.

பதினாலாவது வளைவு பேகன். மயிலுக்குக் குளிரும் என்று தன் போர்வையையே போர்த்திவிட்டவர். டிசம்பர், ஜனவரியில் அந்த வளைவு தாண்டும்போது குளிர் நிஜமாகவே ஏறும். ஆம்பூரில் பேரம் பேசி வாங்கிய லெதர் ஜெர்க்கினைப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் நடுங்கினால், பேகன் என்ன செய்தாரோ அதைச் செய்யும்படி அவர் கேட்பார். ஜெர்க்கின் விலையைச் சொல்லிவிட்டு ஹீட்டரை ஆன் பண்ணுங்கள்.